பேர் சொல்லாத வீடு

ஆஸ்பத்திரியில் இரவுப் பணி முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய ஜானட்டை நடுரோட்டில், முழங்கால் தண்ணீரில் நிறுத்திவிட்டு நாம் பாட்டுக்கு ஒரு வாரம் போய்விட்டோம். அவள் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருப்பாள் என்று நினைத்தவர்களுக்கு அவளைச் சரியாகத் தெரியாது. செருப்பைக் கழற்றிக் கைப்பைக்குள் திணித்தாள். பேன்ட்டை மடித்துவிட்டாள். பாதி தூரம் ஒரு டிராக்டரின் பின்பக்கம் தொற்றிக்கொண்டும் மீதி தூரம் நடந்தும் சடையங்குப்பத்துக்கு வந்தேவிட்டாள்.

வழியில்தான் கணவன் டெரிக்கின் போன் வந்தது. மழை இரைச்சல் ஒரு பக்கம், அவன் அருகில் ஏதோ லாரியின் ஹாரன் மறுபக்கம், போதாததற்கு டவர் வேறு விட்டுவிட்டு வந்தது.

“ஜானட்டு! பாப்பாவ ஞா... ஆயாண்ட வுட்டுட்டேன். பயப்படாத. நீ வூட்டுக்கு...”

அவ்வளவுதான், கட்டாகிவிட்டது. திருப்பி அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறானாம். வீட்டுக்கு வா என்றானா, வீட்டுக்குப் போகாதே என்றானா? ‘வூட்டுக்கு’ வரைக்கும் சொன்ன மனுஷன் இன்னும் ஒரே ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா!

போகட்டும், முக்கியமான சேதி காதில் விழுந்துவிட்டது. நாலு வயசு சினேகா, ஞானம் ஆயாவிடம் இருக்கிறாள். ஞானம் அந்தப் பகுதிப் பால்வாடியில் ஆயா. வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள் பாதிப்பேர் அவள் மடியில்தான் வளர்கிறார்கள். ஜானட் டிராக்டரின் பின்னால் தொங்கியபடியே சிலுவை போட்டுக்கொண்டாள்.

டெரிக்குக்கு ஓர் அக்கா உண்டு. விடாமல் படிப்பவர்களுக்கு அவள் பேர் தெரியும். புதிதாக வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த வீட்டில் அவள் பேரை யாரும் எடுக்கக் கூடாது என்பது ஜானட்டின் உத்தரவு. ராயபுரத்தில் புறாக்கூண்டு மாதிரியான ஒரு வீட்டில் குடியிருக்கும் அக்கா, அப்பாவின் தோட்டத்து மூலையில் ஓர் அறை கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். செடிகளை வெட்ட விடமாட்டேன் என்று ஜானட் குறுக்கே நின்றாள். “நேத்து வந்தவ நீ. எங்கப்பன் தோட்டத்துக்கு நீ இன்னாடி காவலு?” என்று கேட்டுவிட்டாள் அக்கா.

அன்றோடு பேச்சுவார்த்தை போயிற்று, பேரும் போயிற்று. டெரிக் சொல்லியே ஆகவேண்டி வந்தால் சுற்றிவளைத்து ஏதாவது சொல்லுவான். மாமனார் ஜேக்கப்போ அந்தப் பேர் வருகிற இடத்தில் இருமிவிட்டு மேலே பேசுவார். நமக்கெதற்கு வம்பு, நாமும் இப்போதைக்கு இருமிவிட்டே போவோம்.

வீடு இருந்த சந்துக்குள் திரும்பியதும் ஜானட் திகைத்து நின்றாள். தப்பான சந்துக்கு வந்துவிட்டோமோ?

கேட்டைக் காணோம். சுற்றுச்சுவரைக் காணோம். முருங்கை மரம் மல்லாந்து கிடந்தது. வாழைகள் கழுத்துவரை தண்ணீரில் நின்றன. தோட்டத்து நடுவில் ஜேக்கப் கட்டிய மாதா கெபியில், அந்தச் சின்னக் குகைக் கோயிலில், மாதாவின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. தண்ணீர் வெறும் தண்ணீராகவும் இல்லை, பக்கத்து எண்ணெய் ஆலைக் கழிவு கலந்து கறுப்பாகப் படர்ந்து நாறியது. கொய்யா இலைகளில் எல்லாம் ஒரே மட்டத்தில் கறுப்புக் கோடு விழுந்திருந்தது. நேற்று சாயங்காலம் பூப்பறித்த தோட்டமா இது? எங்கே வேலி, எங்கே வழி, எங்கே கிணறு? அதிலும் கிணறு எங்கே என்று தெரியாமல் அடுத்த அடி எப்படி வைப்பது?

“வலது பக்கம் வராத! கெணறு கீது! கொய்யா மரத்தப் புடிச்சிகினு வா!” என்று மொட்டைமாடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

ஜேக்கப்தான். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேலுக்கு பனியன், தலைக்கு ஒரு பிளாஸ்டிக் கவர். அவரைச் சுற்றி மாடி நிறையப் பூந்தொட்டிகள்.

கொய்யாவைப் பிடித்து, ஜன்னல் கம்பியைப் பிடித்து, ஜானட் மாடிப்படிக்கு வந்து சேர்ந்தாள். உள்ளே எட்டிப்பார்த்தாள். ஃப்ரிட்ஜ் கூடத்தில் மிதந்துகொண்டிருந்தது. அழக்கூட நேரமில்லை, மேலே ஏறினாள்.

“எம்மா, வந்துட்டியா! உன் கனகாம்பரத்த மொத்தமும் மேல கொண்டாந்துட்டேன், பாரு. என் ரோசாதான் பூடுச்சி.”

“கனகாம்பரம் கெடக்குது மாமா. நீங்க ஏன் அவுரு கூட கெளம்பல?”

“நான் போயிட்டா இதுங்களுக்கு யாரு? டெரிக்கு வெடியகாத்தாலயே கொயந்தையத் தோள்ல தூக்கிகினு பூட்டான்.” கிழவர் சுற்றும்முற்றும் பார்த்தார். அந்த மழையில் ஒட்டுக்கேட்க யார் இருக்கிறார்கள்? இருந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எங்க வுட்டுருக்கான்னு உனுக்குச் சொன்னானா?”

“சொன்னாரு, போன்ல.”

“சொல்லிட்டானா! கோவமில்லியாம்மா உனுக்கு?”

“கோவம் எதுக்கு மாமா? நல்ல எடத்துலதான வுட்டுருக்காரு.”

ஜேக்கப்புக்குக் கண் கலங்கிவிட்டது. கையிலிருந்த தொட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

“நல்ல எடந்தான்மா. வாயி கொஞ்சம் நீளந்தான், ஒத்துக்குறேன். மனசுல ஒண்ணியும் வச்சிக்காது.”

“அது ஊருக்கே தெரிஞ்சதுதான மாமா” என்றாள் ஜானட். ஞானம் ஆயாவின் வாய் அந்தத் தெருவில் பிரசித்தம். “நான் போயி பாப்பாவ இட்டாந்துட்றேன்.”

“நீயேவா? நீயே அவ வூட்டுக்குப் போறியா?”

“பின்ன யாரு போவாங்க?”

“பஸ்ஸு ஒண்ணுகூட ஓடலியேம்மா.”

“இதுக்கு எதுக்கு மாமா பஸ்ஸு? நடந்துதான்.”

“நடந்தேவா! மாதாவே!” ஜேக்கப் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். “கால்வாய் ரோட்டாண்ட பாத்துப் போ. கரை ஊறிப்போயி கீது.” பிறகு என்ன நினைத்தாரோ, பறித்து வைத்திருந்த கொய்யாக்காய்களை ஒரு பையில் போட்டு அவள் கையில் திணித்தார். “அவளாண்ட குடு. இந்த மரத்துக் கொய்யான்னா அவளுக்கு உசுரு.”

ஜானட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஞானம் ஆயா எப்போது கொய்யாக்காய் தின்றாள்? நாலு தெரு தள்ளிப் போவதற்கு எதற்குக் கண்ணைக் கசக்குகிறார்? ராத்திரி முழுக்க நனைந்ததில் கிழவருக்கு ஜுரம் கண்டுவிட்டதோ? நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், ஜில்லென்றுதான் இருந்தது.

“தண்ணி மாடிப்படி ஏறிச்சின்னா கத்துங்க. யாராச்சும் வருவாங்க. தொட்டிய நோண்டிகினு இருக்காதீங்க” என்று அதட்டிவிட்டு இறங்கினாள்.

ஞானத்தின் வீடு கால்வாய்ப் பக்கத்துத் தாழ்வான தெருவில் இருந்தது. போகப் போக, இடுப்பில் இருந்த தண்ணீர் மார்புக்கு வந்தது. அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்று உறைத்தது. இந்தப் பள்ளத்திலா கொண்டுவந்து குழந்தையை விட்டான்? மேட்டிலிருந்து பள்ளத்துக்கா? புத்தி கித்தி கெட்டுவிட்டதா அவனுக்கு?

ஞானத்தின் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர். ஒரு தூக்குப்பாத்திரமும் பிள்ளைகள் விளையாடும் மரக்குதிரையும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு சுற்றின. ஆள் இல்லை.

“ஆயா! சினேகா! பாப்பா!”

எதிர் வீட்டு மாடியிலிருந்து ஒருத்தி எட்டிப்பார்த்தாள். “ஆயாவா? அப்பவே மண்டபத்துக்குப் பூட்சே.”

“மண்டபமா? இஸ்கூலுக்குன்னு சொன்னாங்களே” என்றான் அவள் புருஷன்.

“கூட ஒரு சின்ன பொண்ணு இருந்துச்சா?”

“இருந்துச்சி” என்றாள் அவள். “இல்லியே” என்றான் அவன். இருவரும் அங்கேயே ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

நல்லவேளையாக ஒரு படகு வந்தது. காசிமேட்டிலிருந்து லாரியில் ஏற்றி வந்து இறக்கிய ஃபைபர் படகு. தள்ளிக்கொண்டு வந்தவர் மஜீது, மீன் வியாபாரி.

“பாய், பால்வாடி ஆயாவ பாத்தீங்களா?”

“நான்தான்கா ஏத்திகினு போயி இஸ்கூல்ல வுட்டேன். கூட ஒரு பொண்ணு. மஞ்சக் கவுனு. ஒரே அழுவாச்சி.”

“மஞ்சக் கவுனா?”

“மஞ்சதான். இல்ல, பச்சையோ... மயையில யாரு பாத்தா? ஏறுக்கா, ஜல்தி.”

ஜானட் ஏறி உட்கார்ந்தாள். சினேகாவுக்கு மஞ்சள் கவுன் உண்டு. ஆனால் நேற்று சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும்போது குழந்தைக்கு என்ன போட்டுவிட்டாள்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. தலைவாரியது ஞாபகம் இருந்தது. தோசை ஊட்டியது ஞாபகம் இருந்தது. கவுன் மட்டும் வரமாட்டேன் என்றது. பெற்ற பிள்ளை என்ன உடுத்தியிருக்கிறது என்று தெரியாமல் நானெல்லாம் ஒரு தாயா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மஜீது ஏதேதோ பேசிக்கொண்டு வந்தார், அவளுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

பள்ளிக்கூடம் மேட்டு ரோட்டில் இருந்தது. வகுப்பறை முழுக்க ஈரத்துணியும் சாம்பார் வாசனையுமாக ஜனம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போன ஜானட் ஒரு மூலையில் மஞ்சள் கவுனைப் பார்த்துவிட்டாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. அதே ரெட்டைப் பின்னல்.

“பாப்பா!” என்று ஓடிப்போய் வாரி எடுத்தாள். குழந்தை திரும்பி அவளைப் பார்த்து வீறிட்டது. யார் வீட்டுப் பிள்ளையோ.

“யாருடி அது, எம்பேத்தியத் தூக்குறது?” என்று கத்திக்கொண்டு வந்தவள் வேறு யாருமில்லை, ஞானம் ஆயாதான்.

“ஆயா, சினேகா எங்க?”

“சினேகாவா? என்னாண்ட கேட்டா? நேத்து சாயங்காலம் நீதான வந்து இட்டுகினு போன?”

“அது நேத்து. இன்னிக்கி காலைல அவுரு கொண்டாந்து வுட்டாரே, உங்களாண்ட!”

“எவுரு?”

“டெரிக்கு!”

“டெரிக்கு என் வாசப்படிய மெறிக்கவேயில்லடி. மாதா மேல சத்தியம்.”

ஜானட் வகுப்பறை முழுக்கக் கண்ணால் துழாவினாள். குழந்தை வீட்டில் இல்லை. இங்கேயும் இல்லை. தோளில் தூக்கிக்கொண்டு போனவன் போனும் கிடைக்கவில்லை. அப்படியானால் எங்கே? அந்த மார்பளவுத் தண்ணீரில் எங்கே?

“பொய் சொல்லாதீங்க ஆயா! அவுரு வாயாலயே சொன்னாரு!”

கோபம் வந்தால் ஞானமும் சளைத்தவள் இல்லை. ஆனால் ஜானட்டின் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. “குந்து. மொதல்ல குந்துடி. இன்னா சொன்னான்? அவன் சொன்ன மாறியே சொல்லு.”

“பாப்பாவ ஞானம் ஆயாண்ட வுட்டுட்டேன்னாரு.”

“உம் புருசனா? எம் பேரச் சொன்னானா? இத்தினி வருசத்துல ஒரு நாளாச்சும் அவன் என்ன ஞானம்னு கூப்ட்டிருப்பானா? ‘இன்னா பால்வாடி, நாஸ்டா ஆச்சா?’ம்பான். அவ்ளோதான்.”

அது வாஸ்தவம். ஜானட் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஞானம் ஆயா என்று முழுசாகவா சொன்னான்? இல்லை. நடுவில் அறுந்தது. ஞா என்றான், அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் ஆயாண்ட. அவள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்.

“ஞா... ஆயாண்ட. ஞா... தாயாண்ட.” உதடு தானாகவே இட்டு நிரப்பியது. “ஞானத்தாயாண்ட.”

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது.

ஞானத்தாய்! கோயிலில் ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் சினேகாவை ஏந்தி நின்றவள். ஃபாதர் கேட்ட கேள்விக்கெல்லாம் குழந்தைக்காகப் பதில் சொன்னவள். தலையில் தண்ணீர் பட்டு வீறிட்ட பிள்ளையைத் தன் முந்தானையால் துடைத்தவள். ‘எம் பொண்ணுக்கு நீங்கதான் ஞானத்தாயா நிக்கணும்’ என்று அவளைக் கெஞ்சிக் கூட்டிவந்ததே ஜானட்தான். அப்போது இருவரும் அவ்வளவு ஒட்டு.

பேரைச் சொன்னால் பெண்டாட்டி எரிந்துவிழுவாள் என்று, அந்த மழையிலும் அந்த அவசரத்திலும், டெரிக் சுற்றிவளைத்திருக்கிறான். ‘அக்காவாண்ட’ என்றுகூடச் சொல்லப் பயந்து, ‘ஞானத்தாயாண்ட’ என்றிருக்கிறான். கோவமில்லியாம்மா உனுக்கு என்று கிழவர் கேட்டதும் அதைத்தான். நடந்தேவா என்று வாயைப் பிளந்ததும் அதற்குத்தான். ஐயோ, அவள் அத்தனை தூரம் ராயபுரத்துக்கே நடந்து போகிறாள் என்றல்லவா அந்த மனுஷன் கண்கலங்கினார்!

ஜானட்டுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் ஞானம் பயந்துபோனாள்.

“இன்னாடி ஆச்சி? பேய் கீய் புட்சிகிச்சா?”

“ஃபாத்திமா” என்றாள் ஜானட். ஃபாத்திமா மாதாவின் நினைவாக டெரிக்கின் அக்காவுக்கு வைத்த பேர், ஒரு வருஷத்துக்கும் மேலாக ஜானட்டின் வாயில் வராத பேர். “ஃபாத்திமா அண்ணியாண்ட கீது ஆயா, எம் பொண்ணு.”

“அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா! போன் போட்டுக் கேளு.”

போன் போட வேண்டியதுதான். ஆனால் ஒரு சின்ன சங்கடம் இருந்தது. சண்டை நடந்த அன்றே ஃபாத்திமாவின் நம்பரை ஜானட் பிளாக் செய்துவிட்டாள். சும்மா இல்லை, தெருவுக்கே கேட்கிற மாதிரி, ‘இனி ஜென்மத்துக்கும் இந்த நம்பர் எனக்கு வராது’ என்று சொல்லிக்கொண்டே செய்தாள்.

கைப்பையில் பாலிதீன் கவருக்குள் பத்திரமாக இருந்த போனை எடுத்தாள்.  எங்கே போய் எதை அமுக்கினால் பிளாக் எடுபடும் என்று ஒரு நிமிஷம் தெரியவே இல்லை. போடத் தெரிந்த பூட்டை எடுக்கத் தெரியவில்லை. தட்டுத்தடுமாறி ஒருவழியாக எடுத்து, அழைப்பைப் போட்டாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் ஃபாத்திமா.

“ஜானட்டு! ஜானட்டுதான? எங்கடி கீற? நல்லாக்கீறியா?”

“அண்ணி...”

“பாப்பா நல்லா கீது. பால்சோறு சாப்ட்டுது. இப்பத்தான் தூங்குச்சி. அத்த சொல்லத்தான் காலைலேந்து உனுக்கு அடிச்சிகினே கீறேன். நூறு வாட்டி அடிச்சிருப்பேன், லைனே போவமாட்டேங்குது. நீ எங்க தவிச்சிகினு கீறியோன்னு எனுக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சி. உன் போனுக்கு இன்னா ஆச்சி?”

ஜானட் சுவரில் சாய்ந்தபடியே சரிந்து உட்கார்ந்தாள். குழந்தை இருக்கிறது. சாப்பிட்டிருக்கிறது. தூங்குகிறது. காலையிலிருந்து தான் தேடித் திரிந்த அத்தனை நேரமும் அந்தச் சேதி அவள் வாசலில் வந்து தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

“தண்ணில வுயுந்துருச்சி அண்ணி” என்றாள், காய்ந்துகிடந்த போனைக் காதில் வைத்துக்கொண்டு.

“வுயுந்தா வுயுவுது, வுடு. டெரிக்கு உன்னாண்ட வந்து சேந்துட்டான்ல?”

“எங்க?”

“எங்கன்னா? உன்ன இட்டாறத்தான போனான்! வூட்டுக்குப் போவாத, ஆஸ்பத்திரியிலயே இருன்னு உனுக்கு போன்ல சொன்னேன்னான். அங்க போயி பாத்தா நீ அப்பவே கெளம்பிட்டியாம். வூட்டாண்டதான் போயிருப்பா, கால்வாய் ரொம்புதாம், நான் போறேன்னு எங்கிட்ட சொன்னான். அதோட அவன் போனும் எடுக்கல.”

ஜானட் மெல்ல எழுந்து நின்றாள். டெரிக் வீட்டுக்குப் போயிருப்பான். மாடியிலிருந்து மாமா என்ன சொல்லியிருப்பார்? ‘அவ உங்கக்கா வூட்டுக்கு நடந்தே பூட்டாடா’ என்று பூரித்துப்போய்ச் சொல்லியிருப்பார். அவளைத் தேடிக்கொண்டு டெரிக் எந்தப் பக்கம் இறங்கியிருப்பான்? ராயபுரத்துக்குப் போகிற பக்கம். கால்வாய் ரோட்டுப் பக்கம்.

“பாய்!” என்று அவள் போட்ட கூச்சலில், வாசலில் படகைக் கட்டிக்கொண்டிருந்த மஜீது திரும்பிப் பார்த்தார். “கட்டாதீங்க பாய்! கால்வாய் ரோட்டுக்குப் போவணும்!”

“கால்வாய் ரோடா? அங்க கரை ஒடைஞ்சிடுச்சின்னு இப்பத்தான சொன்னாங்க, அக்கா!”

காதில் ஃபாத்திமா தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

“நீ பத்திரமா கீறன்னு ஒரு வார்த்த எனுக்குத் தெரிஞ்சிருந்தா, அவன ஆஸ்பத்திரியோட திரும்பி வரச்சொல்லியிருப்பேன்டி. எல்லாத்தையும் கெடுத்தது அந்தப் பாழாப்போன போனுதான்.”

ஜானட் போனும் கையுமாகப் படகை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.